கருவி வந்தது, கைகொடுப்பார் எங்கே?

பல்கலைக்கழகமொன்றுக்குப் புதிய கருவிகள் வந்திறங்கின என்ற செய்தியைக் கேட்டு மகிழாத தமிழர் எவருமிலர். கூடம் திறக்கப்படுகின்றது, நாடா வெட்டப்படுகின்றது, மங்கல விளக்கு ஏற்றப்படுகின்றது, மறுநாட் பத்திரிகைகளிற் படமும் வருகின்றது. அப்படத்திலே அமைச்சர் நிற்பார், அதிகாரிகள் நிற்பர், பளபளக்கும் கருவியும் நிற்கும். அக்கருவியைக் கொண்டு மறுநாட் காலை எட்டு மணிக்கு இருநூறு மாணவர் முன்னிலையிற் பாடஞ் சொல்ல வேண்டிய விரிவுரையாளர் மட்டும் பெரும்பாலும் அப்படத்தில் இரார். படத்தில் இடமில்லை என்பதற்காக நாம் வருந்தவில்லை. திட்டத்திலும் அவருக்கு இடமில்லை என்பதே நமது முறைப்பாடு.

இஃது பட்டணத்துப் படித்தவர்கள் தமக்குள்ளே பேசித் தீர்க்கும் விடயமன்று. விசுவமடுவிலும் முழங்காவிலிலும் கடன்பட்டு விதைத்து, விலை வீழ்ந்த காலத்தும் வெங்காயத்தையும் நெல்லையும் விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கும் கமக்காரரே இதன் முதற் பங்காளர். கல்வி இலவசம் என்கிறோம். கட்டணம் இல்லை என்ற அளவில் அது உண்மை. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு வளர்ந்த பிள்ளையொன்றின் உழைப்பைக் குடும்பம் விட்டுக் கொடுக்கின்றது. விடுதிச் செலவு, போக்குவரத்துச் செலவு, இப்போது கையடக்கத் தொலைபேசிக்கும் தரவுக்கும் ஆகும் செலவு ஆகிய யாவும் தோட்டத்திலிருந்தே வருகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் வயல்களுக்கு அருகிலேயே எழுந்து நிற்கின்றன. அங்கே நடைபெறும் கற்பித்தல் எத்தகையது என்று கேட்கும் உரிமை, அந்த வயல்களில் இறங்கி உழைப்பவனுக்கு இல்லையெனில் வேறெவனுக்கு உண்டு?

2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள்ளேயே இணையவழி வகுப்புகள் தொடங்கின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு சூம் வசதியை வழங்கிற்று. பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றிப் பார்ப்பதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. இலங்கை போன்ற ஏழை நாடொன்றுக்கு அது பெருஞ் சாதனையே. பாராட்ட நாம் தயங்கோம். ஆனால், மாணவருக்கு வழி திறந்த வேகத்தில் ஆசிரியருக்கு வழிகாட்ட எவரும் முன்வரவில்லை. சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் குன்றேறிய படங்களை நாடு கண்டு இரங்கிற்று. மறுபக்கத்தில், தரவை மிச்சம் பிடிப்பதற்காக மாணவர் படக்கருவிகளை மூடிவிட, கறுத்த சதுரங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் தனியே பேசி முடித்த விரிவுரையாளரை எவரும் படம் பிடிக்கவில்லை. தாம் சொன்னது யாருக்கேனும் விளங்கிற்றா என்பதை அறிய அவருக்கு வழியிருக்கவில்லை. வழிகள் இருந்தன, அவற்றைச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கவில்லை என்பதே சரியாகும். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது அந்த ஒரு மணி நேரத்துக்கும் உத்தரவாதம் இல்லாது போயிற்று.

இவ்விடத்தில் ஒரு பழிச்சொல்லை மறுத்துவிட்டே மேலே செல்ல வேண்டும். 'மூத்த விரிவுரையாளர்கள் புதியதைப் பழக விரும்புவதில்லை' என்று அதிகாரிகள் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். யாரைப் பார்த்து இதனைச் சொல்கின்றனர்? 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்தது. ஜாம் போத்தலுக்குட் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியேற்றிய விளக்கிலே விடைத்தாள் திருத்தியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுமே இன்று அப்பல்கலைக்கழகத்தின் மூத்த தலைமுறையினர். 1995இன் பேரிடப்பெயர்வுக்குப் பின்னருங் கூடப் பீடங்களை மீள நிறுத்தியவர்கள் அவர்கள். இருக்கும் பொருளைக் கொண்டு வேலையை முடிக்கும் வித்தையை அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அவர்கள் தயங்குகின்றனர் எனின் அத்தயக்கத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். அக்காரணத்தை விசாரியாமற் குற்றஞ் சுமத்துவது எந்த நீதிமன்றத்திலும் ஏற்கப்படாத முறையாகும்.

நாம் விசாரித்தவரையிற் காரணம் இதுதான். புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளர் நிரந்தரமாக்கப்படுவதற்கு முன் ஆளணி விருத்தி நிலையத்தின் பயிற்சிநெறியொன்றை முடிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அப்பயிற்சி உத்தியோக வாழ்வின் தொடக்கத்தில் ஒரு முறை வருவது. கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அதன்பின் வருவன பெரும்பாலும் அரை நாட் செயலமர்வுகள். வளவாளர் ஒருவர் வருவார், திரையிலே எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்று காட்டுவார், தேநீரும் வடையும் வரும், சான்றிதழும் வரும். மூன்று வாரங்கள் கழித்து விரிவுரையாளர் தம் அறையிலே தனியே அமர்ந்து அதே பொத்தானை அழுத்தும்போது வேறொன்று திறக்கும். அப்போது கேட்பதற்கு ஒருவரும் இரார். ஒரு முறை மாணவர் முன்னிலையில் இவ்வாறு நேர்ந்துவிட்டால் மறுமுறை அவர் வெண்கட்டியையே எடுப்பார். அதிலே தவறென்ன?

கமக்காரருக்கு இது புதிய கதையன்று. 1950களின் இறுதியிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்ற புதிய நெல்லினத்தை வெளியிட்டது. விதைநெல்லை மூடையிற் கட்டிக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்நெல் நாடெங்கும் பரவியிராது. விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்தார், வரம்பிலே நின்றார், எப்போது பசளை இடுவது, எவ்வளவு இடுவது என்று அயலிலுள்ள ஒரு வயலிலே செய்து காட்டினார், நோய் வந்தபோது திரும்பவும் வந்தார். பக்கத்து வயலின் விளைச்சலைக் கண்ட பின்னரே ஏனையோர் விதையை வாங்கினர். உழவனை 'மாற்றத்தை விரும்பாதவன்' என்று ஏசிய போதனாசிரியர்களும் இருந்தனர். அவர்களுடைய பகுதியில் விதை பரவவில்லை. படித்தவர்களின் நிறுவனமாகிய பல்கலைக்கழகம் இந்தச் சிறு உண்மையை வயலிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பிற நாடுகளில் இதனை அறிந்து செய்தவர்கள் உளர். 1963இற் கிளாஸ்கோ நகரில் ஹரோல்ட் வில்சன் வானொலி, தொலைக்காட்சி வழியே கற்பிக்கும் பல்கலைக்கழகமொன்றைப் பற்றிப் பேசியபோது பலர் நகைத்தனர். ஜெனி லீ அம்மையாரின் விடாப்பிடியினால் அது திறந்த பல்கலைக்கழகமாக 1969இற் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் 20,000க்கும் மேற்பட்ட மாணவருடன் பணி தொடங்கிற்று. அதன் வெற்றிக்குத் தொலைக்காட்சியே காரணம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பி.பி.சி. ஒளிபரப்பு வேண்டிய அளவு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்றிருந்தது. பாடமொன்றை எந்தப் பேராசிரியரும் தனியே ஆக்க அங்கு விடப்படவில்லை. பாட வல்லுநர் பலர், பி.பி.சி. தயாரிப்பாளர், பதிப்பாசிரியர், கல்வித் தொழில்நுட்பம் அறிந்தவர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, மாதக்கணக்கில் வாதிட்டுப் பாடத்தை உருவாக்கினர். ஒளிபரப்பு 2006இல் நின்றுபோயிற்று, அப்பல்கலைக்கழகம் நிற்கவில்லை. 1980இல் நிறுவப்பட்ட நமது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்வித் தொழில்நுட்பத்துக்கென ஒரு நிலையம் உண்டு. தொலைக்கல்விக்கு அஃது இன்றியமையாதது என்று ஏற்றுக்கொண்டவர்கள், இன்று தொலைக்கல்விக்குரிய கருவிகளையெல்லாம் ஏனைய பல்கலைக்கழகங்களிற் கொண்டுவந்து நிறைத்துவிட்டு, அந்நிலையத்தில் உள்ளவர் போன்ற ஆட்களை மட்டும் அங்கு கொண்டுவர மறந்தது எவ்வாறு?

மென்பொருளுக்கே பணமெல்லாம் போய்விடுகின்றது என்று சாட்டுச் சொல்லவும் இயலாது. நமது பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விரிவுரைக் குறிப்புகளையும் ஒப்படைகளையும் தாங்கி நிற்கும் 'மூடுல்' என்ற தளம் விலையின்றிக் கிடைப்பது. அதனை ஆக்கிய மார்ட்டின் டூஜியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பாலைநிலத்தில் வளர்ந்து, சிற்றலை வானொலி வழியே பள்ளிப்பாடம் கேட்டவர். தூரத்திலிருந்து படிக்கும் பிள்ளைக்கு எது குறையும் என்பதை அறிந்த ஒருவருடைய ஆக்கம் அது. மாணவர் தமக்குள் விவாதிக்கவும், தம் விடையிற் பிழை எங்கே என்று உடனே காணவும், ஆசிரியர் அப்பிழைகளை வகுப்புக்கு முன்னரே அறியவும் அதில் இடமுண்டு. நம்மிடமோ அது பெரும்பாலும் குறிப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டகமாகவே கிடக்கின்றது. நாற்பது பக்கக் கையெழுத்துக் குறிப்பைத் தொலைபேசியாற் படம் பிடித்து அவ்வாறே ஏற்றிவிடுகின்றனர். அதனை இறக்கிப் படிப்பதற்கு ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் எவ்வளவு தரவைச் செலவழிக்க வேண்டும் என்பதை விரிவுரையாளர் அறியார். சுருக்கி ஏற்றுவது இரண்டு நிமிட வேலை என்பதையும் அறியார். அருகில் ஒருவர் இருந்து சொல்லியிருந்தால் அன்றே திருந்தியிருப்பார்.

அவ்வாறு அருகில் இருக்க வேண்டியவர் கருவி பழுது பார்ப்பவர் அல்லர். பழுது பார்ப்பவரும் வேண்டும். அது வேறு வேலை. நாம் கேட்பவர் விரிவுரையாளரின் அறைக்கு வந்து, 'உங்கள் பாடத்தில் ஆண்டுதோறும் மாணவர் எவ்விடத்திற் பிழைக்கின்றனர்?' என்று முதலிற் கேட்பவர். கருவியைப் பற்றிய பேச்சு அதன்பின் வர வேண்டும். அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர் சூத்திரங்களைப் போட்டுக் கணக்குகளைச் சரியாகச் செய்தபோதும் அடிப்படைக் கருத்தை விளங்கவில்லை என்று கண்டார். 1991 முதல் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு வினாவை வைத்தார். ஒவ்வொருவரும் தனித்து விடை சொல்ல வேண்டும். பின்னர் அருகிலிருப்பவரோடு வாதிட்டு மறுபடி விடை சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இதற்குக் கையுயர்த்தலும் அட்டைகளுமே போதுமாயின. விடைகளை உடனே எண்ணிக் காட்டும் மின்கருவிகள் பின்னர் வந்து சேர்ந்தன. வினா முன்னே வந்தது. கருவி பின்னே வந்தது. தேசவழமையிலே சீதனத்துக்கும் முதுசத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கும் சட்ட விரிவுரையாளரும், வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியமைக்குப் பசளை எவ்வளவு பொறுப்பு என்று கற்பிக்கும் விவசாய விரிவுரையாளரும் இதே முறையைக் கையாளலாம். இருநூறு பேர் உள்ள மண்டபத்திலே தொலைபேசியால் விடை வாங்கி ஒரு நிமிடத்திற் காட்டலாம். ஆனால், நல்ல வினாவை ஆக்குவது ஒரு நிமிட வேலையன்று. அதற்குத் துணை வேண்டும், நேரமும் வேண்டும். அந்நேரத்தை வேலைப்பளுவிற் கணக்கிடாமல், ஆய்வுக் கட்டுரைக்கு அளிக்கும் மதிப்பிற் காற்பங்கையேனும் இதற்கு அளிக்காமல், பணியுயர்வுக் காலத்தில் 'நீர் என்ன எழுதினீர்' என்று மட்டும் கேட்டால் எந்த விரிவுரையாளர் இதில் இறங்குவார்?

மொழி பற்றிய கேள்வி இங்கே தனியாக நிற்கின்றது. நமது பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிலே பெரும்பாலான பாடங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன. கருவிகளின் விளக்கக் குறிப்புகளோ ஆங்கிலத்தில். கொழும்பில் நிகழும் பயிற்சிகள் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். தேசிய மொழிகள் இரண்டில் எதிலேனும் கல்வி பெறும் உரிமையை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை கூறுகின்றது, விலக்குகளும் அதிலுண்டு. தமிழிற் கற்பதற்கு உரிமை தந்துவிட்டுத் தமிழிற் கற்பிப்பவருக்குத் துணை தராது விடுவது அவ்வுரிமையை ஒரு பக்கத்தால் ஈந்து மறுபக்கத்தாற் கவர்வதாகும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 'பாமினி' எழுத்துருவில் அகப்பட்டுக் கிடக்கும் குறிப்புகள். முப்பது ஆண்டுகளாக நம் விரிவுரையாளர் தட்டெழுதிச் சேர்த்த பாடக் குறிப்புகளிற் பெரும்பகுதி அவ்வெழுத்துருவில் உள்ளது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியினும், கணினியின் உள்ளே அது வெறும் ஆங்கில எழுத்துகளின் கோவையே. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் மாணவர் திறந்தால் அர்த்தமற்ற எழுத்துக் குவியலே தோன்றும். ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதனை வாசிக்கவும் மாட்டாது. யூனிகோட்டிலே தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. மாற்றித் தரும் மென்பொருளும் இலவசமாக உண்டு. எனினும் அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த முந்நூறு பக்கங்களை மாற்றி, பிழை திருத்தி, ஒழுங்குசெய்வது விரிவுரையாளர் ஒருவர் இரவில் விழித்திருந்து செய்து முடிக்கக்கூடிய காரியமன்று. பீடத்துக்கு இருவரை அமர்த்தி ஓராண்டு இப்பணியை மட்டுமே செய்வித்தாலும், ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறைக்குக் கிட்டும். ஓய்வுபெற்றுச் செல்பவரோடு அவருடைய கோப்புகளும் சென்றுவிடுகின்றன என்பதை நினைக்குந்தோறும் நமக்குப் பதைப்புண்டாகின்றது.

சட்டத் தொழிலிற் பழகிய நமக்கு இன்னொன்றும் கண்ணிற் படுகின்றது. விரிவுரைகளைப் பதிவுசெய்து தளத்தில் ஏற்றுமாறு விரிவுரையாளர்கள் கேட்கப்படுகின்றனர். அப்பதிவு யாருக்கு உரியது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தொழிலின் போக்கில் ஊழியர் ஒருவர் ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறினாலன்றித் தொழில்தருநருக்கே சேரும். வேறுவிதமாகக் கூறும் ஒப்பந்தமும் எழுதப்படவில்லை. இவ்வாறுதான் என்று வெளிப்படையாகச் சொல்லவும் படவில்லை. எனவே, விரிவுரையாளர் மனத்தில் ஐயம் எழுகின்றது. தாம் இன்று பதிவுசெய்து கொடுப்பதை நாளை ஒலிபரப்பிவிட்டு, வெற்றிடமாகும் பதவியை நிரப்பாமல் விடுவரோ? வகுப்பிலே திறந்த மனத்தோடு சொன்ன அரசியற் கருத்தை வெட்டியெடுத்து எவரேனும் பரப்பினாற் காப்பவர் யார்? நமது மண்ணின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர் எவரும் இவ்வச்சத்தை வீண் என்று தள்ளார். பதிவு எத்தனை ஆண்டு வைத்திருக்கப்படும், யார் பார்க்கலாம், ஆசிரியர் விலகிய பின் என்னாகும் என்பவற்றை ஒரு பக்க உடன்படிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டால் முடியும் விடயம் இது. மூதவை ஒரே கூட்டத்திற் செய்யத்தக்க இவ்வேலையைச் செய்யாதிருப்பதற்குப் பணமின்மையைக் காரணங் காட்ட முடியாது.

2022 நவம்பரிற் சட்ஜிபிடி வெளிவந்த பின் ஒப்படைகளைப் பற்றிய கவலையும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் பொறுப்பையும் தனியொருவராய் நிற்கும் விரிவுரையாளர் தலையிலே சுமத்திவிட்டு நிருவாகம் ஒதுங்கி நிற்கின்றது. இதனைப் பிறிதொரு முறை விரிவாகப் பேசுவோம்.

பணம் எங்கே என்ற கேள்வி எழும் என்பதை அறிவோம். 2012இற் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. அந்த 6 சதவீதம் இன்றுவரை எட்டப்படவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டே சென்றுவிட்டனர். எஞ்சியோர் அவர்களுடைய பாடங்களையும் சேர்த்துச் சுமக்கின்றனர். ஆகவேதான் நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கருவிக்கெனப் பணம் ஒதுக்கப்படும்போது அதிலே ஒரு பங்கை ஆளுக்கெனப் பிரித்து வைக்குமாறு கேட்கின்றோம். கருவி கொடையாக வரும். வெளிநாட்டுக் கடனாகவும் வரும். சம்பளம் கொடையாக வராது என்பர். உண்மை. புதிய பதவியொன்றுக்கு ஆளணி அங்கீகாரம் பெறத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் வாசலிற் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், காத்திருப்பதற்கு முதலில் விண்ணப்பம் ஒன்று போயிருக்க வேண்டுமே! கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும், யாழ்ப்பாணமும் ஒன்றுகூடித் தமிழிற் பயிற்சியளிக்கும் குழுவொன்றைப் பொதுவில் அமைத்தாற் செலவு மூன்றிலொன்றாகும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னுங் குறையும். அதுவரை, இத்துறையில் ஏற்கெனவே தாமாகத் தேறிய இளம் விரிவுரையாளர் ஒவ்வொரு பீடத்திலும் ஓரிருவர் உளர். அவர்களுடைய விரிவுரைச் சுமையிற் பாதியைக் குறைத்து, வாரத்தில் இரு நாட்கள் சக ஆசிரியர்களின் அறைகளுக்குச் சென்று உதவ விடுவதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டியதில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பேரவைகளில் வெளியுறுப்பினரும் அமர்கின்றனர். தொழில்வல்லோர், நிருவாகிகள், கல்விமான்கள் என அவ்வாறு அமர்பவர்களிற் பலர் நம் வாசகர்கள். அடுத்த பேரவைக் கூட்டத்திலே கருவிக் கொள்வனவுப் பத்திரம் அவர்கள் முன் வரும். ஒப்புதலுக்குக் கையுயர்த்துமுன் அவர்கள் கேட்க வேண்டியது இது: இக்கருவி வந்த பின் முதற் பருவம் முழுவதும் விரிவுரையாளர் அருகில் நிற்கப் போகிறவர் யார்? அவருடைய சம்பளம் இப்பத்திரத்தின் எந்த வரியில் இருக்கின்றது? பதில் கிடைக்கும் வரை பத்திரத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் அவர்களிடம் உண்டு.